நாற்பது நிழலும் ஒரு பந்தும்

தங்கச்சி: கையை எடுண்ணா. ஒட்டின பெட்டி ஒட்டினபடியே இருக்கட்டும்.

அண்ணன்: சும்மா தடவிப் பார்த்தேன்மா. ஸ்கேன் எடுத்தவன் நான், எனக்கு அந்த உரிமைகூட இல்லையா?

தங்கச்சி: உள்ளே என்ன இருக்குன்னு தெரிஞ்ச ஆளும் நீதான். ஜாடை காட்டாம உட்காரு. பெட்டியைத் திறந்து பார்க்க ஆஸ்பத்திரி டாக்டரம்மா வர இன்னும் பத்து நிமிஷம்தான்.

அண்ணன்: நாற்பதே எக்ஸ்ரே நிழலை வச்சு உள்ளே இருக்குறதை உன் கணக்கு சரியாச் சொல்லி, அவங்க ஒத்துக்கிட்டா...

தங்கச்சி: குழந்தைகளுக்கு நூத்தி எண்பது கோணத்துல ஸ்கேன் எடுக்குறதை நாற்பதோட நிறுத்திடலாம். உடம்புல படுற கதிரும் கால்வாசிகூட இருக்காது. ஒத்துக்கலைன்னா என் நாலு வருஷக் கணக்கு குப்பைக்கூடைக்கு.

அண்ணன்: கவலையே படாதே. உள்ளே இருக்குறது ரொம்ப...

தங்கச்சி: உஷ்! படம் வருது பாரு.

அண்ணன்: ஆமா, ஆமா... உருண்டையா... என்னது இது? பக்கத்துல ஏன் பள்ளம்?

தங்கச்சி: வட்டம்தான். ஆனா உள்ளே காலி. ஓரம் உடைஞ்சிருக்கு.

அண்ணன்: உடைசலா! உன் கணக்குல எங்கேயோ கோளாறு.

தங்கச்சி: நாற்பது நிழலுக்கும் பொருந்துற படம் ஆயிரம் இருக்கும்ணா. அதுல தேவையில்லாத கோடு கம்மியா இருக்குறதைத்தான் என் கணக்கு பொறுக்குது. அப்படியும் இந்த விரிசல் போக மாட்டேங்குது.

அண்ணன்: போக வை! வழவழன்னு ஆக்குற எண் ஒண்ணு இருக்கே, அதை ஏத்து.

தங்கச்சி: ஏத்தினா போயிடும். நாளைக்கு ஒரு குழந்தையோட எலும்புல இருக்குற விரிசலும் இதே மாதிரி போயிடும். பரவாயில்லையா?

அண்ணன்: ஐயோ... உருண்டைன்னு எழுதுடி, ஜெயிச்சுடுவே!

தங்கச்சி: மாட்டேன். தோத்தாலும் பரவாயில்லை, நிழல் சொல்றதைத்தான் எழுதுவேன். உடைஞ்ச காபி கப்பு. கைப்பிடியும் இல்லை.

அண்ணன்: கப்பா? கைப்பிடி... இல்லையா?

தங்கச்சி: உனக்கு ஏன் இப்படி வேர்க்குது?

அண்ணன்: சரி, சொல்லிடறேன். நீ ஜெயிக்கணும்னு ஒரு ரப்பர் பந்தைத்தான் வச்சேன். நேத்து வீட்டுல என் கையாலேயே ஒட்டினேன். பந்துதானேன்னு இன்னைக்கு எடுத்த நிழலைக்கூடப் பார்க்காம உனக்கு அனுப்பிட்டேன்.

தங்கச்சி: நீ அப்படித்தான் செய்வேன்னு எனக்குத் தெரியாதா? அதான் காலையில நீ குளிக்கப் போனப்ப அண்ணிக்கு போன் பண்ணினேன். எனக்கும் சொல்லாம வேற எதையாவது வச்சு ஒட்டிடுங்கன்னு.

அண்ணன்: அவகிட்டயா! என்ன வச்சா?

தங்கச்சி: எனக்கு எப்படித் தெரியும்? டாக்டரம்மா முன்னாடி திறந்தாத்தான். அண்ணியும் வந்துட்டிருக்காங்க, உன் மூஞ்சியைப் பார்த்தே ஆகணுமாம்.

அண்ணன்: திறக்கவே வேண்டாம்மா, உன் கணக்கு நூத்துக்கு நூறு சரி! அது அவளோட கப்பு. உடைச்சு பரண்ல ஒளிச்சு வச்சது நான்தான்... காணோமேன்னு அவகூட சேர்ந்து மூணு நாளா நானும் தேடிட்டிருக்கேன்!