கைதட்டலை நம்பாத எங்கள் கண்காணிப்பாளர் அம்மையாருக்கு

பணி நிறைவு காணும் பண்பின் பெட்டகமே! ஐயத்தின் ஆழியே! மூக்கின் நுனிக்கு இறங்கிய கண்ணாடிக்கு மேலாக எங்களை ஊடுருவிப் பார்த்த அன்பின் எக்ஸ்ரேயே! வணக்கம்.

இம்மடலைத் தாங்கள் நம்பப்போவதில்லை என்பது எங்களுக்குத் தெரியும். "இவ்வளவு நல்லா எழுதியிருக்காங்களே, எதை மறைக்கறாங்க?" என்று தாங்கள் மனத்துக்குள் கேட்பது மூன்றாம் வரிசை வரை கேட்கிறது.

அரசின் செயலிகளை வெளியிடுமுன் மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்பது நம் பிரிவின் வேலை. தாங்கள் வருமுன் அதை நாங்கள் எத்துணை எழிலாகச் செய்தோம்! திரையில் படம் ஓடும்; பொறியாளர் பேசுவார்; மக்கள் கைதட்டுவார்கள்; தேநீர் வரும்; 'மக்கள் மனமுவந்து ஏற்றனர்' என்று எழுதி முடிப்போம். தாங்கள் வந்தீர்கள், முதலில் தேநீரை நிறுத்தினீர்கள். கைப்பையை மடியில் வைத்துக் கடைசி வரிசையில் அமர்ந்து, "யாராவது ஒருத்தர் குறை சொல்லட்டும், அப்புறம் டீ" என்றீர்கள். "எல்லாரும் கைதட்டுனா ஒண்ணு, யாருக்கும் புரியலை. இல்லேன்னா எல்லாருக்கும் வீட்டுக்குப் போகணும்" என்று விளக்கமும் தந்தீர்கள். வாசலில் கெட்டிலோடு நின்ற தேநீர்க்காரர் தங்கள் தலையசைப்புக்காகத் தவம் கிடந்தார். அவர் கை வலித்ததற்கும் எங்கள் டீ ஆறியதற்கும் தாங்களே முழுப்பொறுப்பு என்பதை இந்நன்னாளில் பணிவுடன் பதிவு செய்கிறோம்.

ஓய்வூதியம் பெறுவோர் உயிரோடிருப்பதைக் கைபேசியில் முகம் காட்டியே மெய்ப்பிக்கும் செயலி வந்த நாளை மறப்போமா? எவரும் புகைப்படத்தை நீட்டி ஏமாற்றிவிடக் கூடாதென்று அது "சிரியுங்கள்" என்று கேட்கும்; சிரித்தால் உயிருண்டு. அரங்கமே அதிரக் கைதட்டியது. தங்கள் முகம் மட்டும் இறுகியது. எழுந்து வந்து கைபேசியை வாங்கி, முன்வரிசையில் இருந்த ஓர் அம்மாவிடம் கொடுத்துவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றீர்கள். "சிரியுங்கள்" என்றது செயலி. அந்த அம்மா பார்த்தபடியே இருந்தார். 'உயிருள்ள முகம் காணப்படவில்லை' என்றது.

"சும்மா லேசா சிரிங்கம்மா" என்று கெஞ்சினார் பொறியாளர்.

"எங்க வீட்டுக்காரர் போய் இன்னும் ஒரு மாசம் ஆகலை தம்பி. அவர் பென்ஷனை என் பேருக்கு மாத்தத்தான் வந்திருக்கேன். எதைப் பாத்துச் சிரிக்கச் சொல்றே?"

தாங்கள் தேநீர்க்காரரைப் பார்த்துத் தலையசைத்தீர்கள். முதல் கோப்பையை அந்த அம்மாவிடம் தாங்களே கொண்டுபோய்க் கொடுத்தீர்கள். பிறகு, சிரிப்பை நீக்காமல் கையெழுத்திட மாட்டேன் என்று மேலிடத்துக்கு எழுதினீர்கள். வெளியீட்டு விழாவுக்குப் போட்ட பந்தலைப் பிரித்தார்கள். தலையை இடம் வலம் திருப்பினாலே போதும் என்றானது.

அம்மையீர்! தங்கள் நோய் எங்களையும் தொற்றிவிட்டது. கூட்டத்துக்கு நாற்காலி கேட்டால் மாதக்கணக்கில் மௌனம் காக்கும் மேலிடம், இவ்விழாவுக்கு மட்டும் கேட்ட மறுநிமிடமே ஒப்புதல் தந்ததே, ஏன்? பூச்செண்டு இத்தனை பெரிதாக வந்ததே, ஏன்? துருவினோம். அச்செயலியின் புதிய பதிப்பு நாளைக் காலை நம் மேசைக்கு வருகிறது. உள்ளே அதே சிரிப்பு! தங்கள் நாற்காலி காலியாகட்டும் என்று இத்தனை நாளும் எங்கோ பதுங்கியிருந்திருக்கிறது.

இனிக் கையெழுத்திட வேண்டியவர்கள் நாங்கள். நாங்கள் வீரர்கள் அல்லர். மேலதிகாரி இருமினாலே எழுந்து நிற்பவர்கள். ஆயினும், அரங்கை மறுபடி கூட்டாமல் கையெழுத்திடுவதில்லை என்று நேற்று எல்லோரும் கூடிப் பேசி, ஒருவர் முகத்தை ஒருவர் சந்தேகத்தோடு பார்த்தபடியே முடிவு செய்தோம். நாளை முதல் தாங்களும் ஓய்வூதியர், பொதுமக்களில் ஒருவர். கடைசி வரிசை நாற்காலியைத் துடைத்து வைத்திருப்போம். நாங்கள் பின்வாங்கினால் அங்கிருந்தே திட்டலாம்.

நலம் நிறைந்து, நடை தளராமல் நெடுங்காலம் வாழ்க! ஆண்டுதோறும் எங்கள் செயலி தங்களைப் பார்த்து, அந்தச் சிரிக்காத முகமே உயிருள்ள முகம் என்று ஒப்புக்கொள்க!

இவ்வளவு நேரமும் புகழ்ந்தே பேசிவிட்டோம். தேநீர்க்காரர் கெட்டிலோடு வாசலில் நிற்கிறார். ஆகவே, தங்கள் விதிப்படி எங்கள் குறை ஒன்றைச் சொல்லிவிடுகிறோம்: தாங்கள் போவது எங்களுக்குப் பிடிக்கவில்லை.

தலையசையுங்கள், அம்மா.

இங்ஙனம்,
கைதட்டாமல் நிற்கும்
மக்கள் கருத்துப் பிரிவு ஊழியர்கள்