பாதிக்குப் பாதி

"ஹலோ… ம்… ம்… சொல்லு, கேக்குது. கடையிலதான் இருக்கேன். ஆமா, தனியாத்தான். என்னடி சிட்டு, அதிசயமா அக்கா ஞாபகம் வந்திருக்கு?… சரி, சரி. நேரமே இல்லன்னு மட்டும் சொல்லாத. உனக்கு எதுக்கெல்லாம் நேரம் இருக்குன்னு படத்துல பார்த்தேன்."

துணி திருத்திக் கொடுக்கும் அந்தச் சின்னக் கடையில், போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு அக்காக்காரி ஊசியில் நூல் கோக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலைக்காக இல்லை. கையில் இருந்த பேண்டை அடி மடித்துத் தைத்தாகிவிட்டது. அப்பாவுக்கு வந்த வியாதி முதலில் விரல்களில்தான் ஆரம்பித்தது. அதனால் கடை திறந்ததும் ஒரு தடவை, மூடும் முன் ஒரு தடவை, நூல் கோத்துத் தன்னைத்தானே சோதித்துக்கொள்வது அவள் வழக்கம். இன்றைக்கு நூல் தப்பித் தப்பிப் போனது. வயிற்றெரிச்சலில் கை ஆடுகிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். அது முழுப் பொய்யும் இல்லை. அதே வியாதி தனக்கும் வருமா என்று பார்க்கத் தங்கை பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்த நாளிலிருந்து அவள் வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது.

"எந்தப் படமா? உன் வீட்டுக்காரர் ஸ்டேட்டஸ்ல போட்டிருந்தாரே. டான்ஸ் கிளாஸ். நீ ஒரு காலைத் தூக்கிட்டு நிக்கிற, அவர் பின்னால பிடிச்சிட்டு நிக்கிறார்… ஆமா, ஆமா, நல்லாத்தான் இருந்துச்சு. யாரு இல்லன்னா? இந்த வயசுல புதுசா டான்ஸ் கத்துக்கணும்னா மனசு எவ்வளவு லேசா இருக்கணும்… இரு, நான் பேசி முடிச்சிடறேன். முடிச்சிடறேன்டி. ரிசல்ட் வந்துடுச்சு, இல்ல?… பார்த்தியா. எனக்குத் தெரியும். நீ சொல்லவே வேணாம். கெட்ட சேதி கேட்டவ எவளாவது டான்ஸ் கிளாஸ்ல போய்ச் சேருவாளா? நல்ல சேதியைச் சொன்னா அக்கா கண்ணு வெச்சிடுவான்னு மறைச்சிட்ட. அவ்வளவுதானே?"

தங்கை என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அக்கா விடுவதாக இல்லை.

"அதெல்லாம் எனக்கும் தெரியும். அதே டாக்டர் எனக்கும்தான் படம் வரைஞ்சு காட்டினார். அப்பாவுக்குக் கோளாறா இருந்த அந்த ஜீன் எல்லாருக்கும் இருக்கு. மூளை செல்லுக்குள்ள ஒரு புரதம் செய்யறதுதான் அதோட வேலை. அதுல மூணு எழுத்து திரும்பத் திரும்ப வரும். அளவா வந்தா ஒண்ணுமில்ல. நாப்பது தடவையைத் தாண்டிடுச்சுன்னா அந்தப் புரதம் கெட்டு, செல்லு ஒவ்வொண்ணா சாகும். அப்புறம் அப்பா மாதிரிதான். கையும் காலும் அதுபாட்டுக்கு ஆடும், ஆள் நம்ம ஆளா இருக்க மாட்டார்… நான் ஏன் டெஸ்ட் எடுக்கலையா? உனக்கு வந்துடுச்சுன்னா நான் எதுக்குடி எடுக்கணும்? உனக்கு வரலன்னாலும் எதுக்கு எடுக்கணும்?"

இதுதான் அந்த வீட்டின் கணக்கு. ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று டாக்டர் சொல்லியனுப்பினார். அம்மா அதை வீட்டுக்குக் கொண்டு வந்து சேர்ப்பதற்குள், இரண்டு பெண்களில் ஒருத்திக்கு வரும், ஒருத்தி தப்பிப்பாள் என்று ஆகிவிட்டது. அது தப்பு என்று அக்கா பின்னால் தெரிந்துகொண்டாள். தெரிந்து என்ன பிரயோஜனம்? அம்மா போட்ட கணக்கு நெஞ்சில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. பல வருஷமாகத் தங்கையின் கைகளை ஓரக்கண்ணால் பார்த்து வந்திருக்கிறாள். தங்கை ஒரு டம்ளரைத் தவறவிட்டால் அன்று இவளுக்கு நன்றாகத் தூக்கம் வரும். இதை வெளியில் சொன்னால் காறித் துப்புவார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும்.

"பொறாமையா? ஆமா, பொறாமைதான். வேற எப்படி இருக்கும்? மாடி ரூம் யாருக்கு? உனக்கு. அந்த நீள விரல்? உனக்கு. வேலை கிடைச்சதும் பெட்டியைத் தூக்கிட்டு நீ கிளம்பிட்ட. ஸ்பூனைப் பிடிச்சிட்டு அப்பா பக்கத்துல உட்கார்ந்தது நான். அவர் கை வீசி என் மூக்கு வீங்கிக் கிடந்தப்ப, நீ லீவுக்கு வந்து, என்னக்கா சளி பிடிச்சிருக்கான்னு கேட்ட. அதையும் சிரிச்சிட்டே கேட்ட… இரு, ஒரு நிமிஷம்… வாங்க சார். பேண்ட் ரெடி, இந்தாங்க. பரவாயில்ல, சில்லறை அப்புறம் குடுங்க… ம், சொல்லு. கஸ்டமர்… என்ன, அழறியா? எதுக்குடி? தப்பிச்சவ அழுதா கேக்க நல்லாவா இருக்கு?"

கஸ்டமர் கதவைச் சரியாகச் சாத்தாமல் போய்விட்டார். தெருச் சத்தம் அப்படியே உள்ளே வந்தது. அவளுக்கு எழுந்து போய்ச் சாத்தத் தோன்றவில்லை.

"உனக்குப் பிள்ளைகுட்டி இல்ல. எனக்குப் பொண்ணு இருக்கா. எனக்கு இருந்தா அவளுக்கும் பாதிக்குப் பாதி. நேத்து படியில கால் இடறி நின்னா. அவ சிரிக்கிறா, நான் அவ காலையே பார்த்துட்டு நிக்கிறேன். உனக்கு இதெல்லாம் எங்க புரியப் போகுது… என்ன?… கத்தி சொல்லு, வெளிய லாரி போகுது… என்ன சொன்ன?… யாருக்கு?"

ஊசி எங்கோ விழுந்தது. அவள் குனியவில்லை.

"உனக்கா?… விளையாடாத சிட்டு… எத்தனைன்னு சொன்னாங்க?… நாப்பத்தி நாலு… சரியா பார்த்தாங்களா? வேற யாரோட ரத்தமாவது… ரெண்டு தடவையா… அப்ப அந்த டான்ஸ் கிளாஸ்?… ம்… ம்… கால் நம்ம பேச்சைக் கேக்கிற வரைக்குமா… ஐயோ. ஐயோ, என் சிட்டு."

அதோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நிற்கவில்லை. அடிவயிற்றிலிருந்து ஒரு பெருமூச்சு கிளம்பி, அவள் தடுப்பதற்குள் போனுக்குள் போய்விட்டது. துக்கத்தில் வரும் மூச்சு வேறு. மூட்டையை இறக்கி வைத்தவன் விடுகிற மூச்சு வேறு. கூடப் பிறந்தவளுக்கு அந்த வித்தியாசம் தெரியாமல் போகுமா? அந்தப் பக்கம் அழுகை சட்டென்று நின்றது.

"சிட்டு?… இல்ல, ஒண்ணுமில்ல. மூச்சு விட்டேன், அவ்வளவுதான். மாடிப்படி ஏறி வந்தேன்… ஆமா, கடையிலதான் இருக்கேன்… ஆமா, கடையில மாடி இல்ல… தெரியும். தெரியும்டி. உனக்கு இருக்கிறதால எனக்கு இல்லன்னு ஆகிடாது. உன்னுது வேற, என்னுது வேற. நீ சொல்லித்தான் தெரியணுமா?… நான் வரேன். இப்பவே கடையைச் சாத்திட்டு பஸ் பிடிச்சு வரேன்… ஏன் வர வேணாம்?… அப்படியெல்லாம் இல்ல. நீயா எதையாவது நினைச்சுக்காத."

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் தங்கை அவளை நேருக்கு நேராக எதுவும் கேட்டதில்லை. இப்போது கேட்டாள். மழுப்பினால் தங்கை கண்டுபிடித்துவிடுவாள். மழுப்பாமல் விட்டாலோ, அதற்குப் பிறகு பேச ஒன்றும் இருக்காது.

"நிஜமாவே கேக்கிறியா?… ம்… ஆமா. நிம்மதியா இருந்துச்சு. ஒரு நிமிஷம்தான் சிட்டு, சத்தியமா ஒரே நிமிஷம். என் பொண்ணு முகம் வந்துச்சு, அதான்… அதுக்கு அப்புறம் உன் முகம்தான்… சிட்டு?… ஹலோ… ஹலோ…"