எழுபத்திரண்டு கிழிசல்கள்

இன்று காலை ஒன்பது இருபதுக்கு உறுதியான செய்தியிலிருந்து தொடங்குகிறேன். சென்னைக்குப் போன இருபத்து நான்கு முடிச்சுப்பின்னல் மேலாடைகளும் இந்தச் சிதம்பரம் பயிற்சி மையத்துக்கே திரும்பி வந்துவிட்டன. சொன்னவர், பார்சலைப் பிரித்து எண்ணிய பயிற்சி ஆசிரியை வெண்மதி. பக்கத்தில் நின்று இரண்டாம் முறை எண்ணியவன், பத்திரிகை நிருபனாகிய நான்.

என் பேச்சு நீண்டால் அடிப்பதற்கென்று மணியை இப்போதே மடியில் வைத்திருக்கும் தலைவர், பெரியவர் தட்சிணாமூர்த்தி அவர்களே! சான்றிதழ் வாங்கக் கடலூர் முதுநகரிலிருந்து முதல் பேருந்தில் வந்திருக்கும் பன்னிரண்டு சகோதரிகளே! அவர்களைப் பெற்ற தாய்மார்களே! கடைசி வரிசையில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருக்கும் அய்யனார் அவர்களே! அனைவருக்கும் என் வணக்கம்.

துண்டை எடுங்கள் அய்யனார். உங்களைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

ஊசி இல்லை, தறி இல்லை, இயந்திரம் இல்லை. நான்கு இழை, பத்து விரல், அவ்வளவுதான். முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டுப் போட்டு ஒரு மேலாடையை உருவாக்குகிற இந்தக் கலையை வகுப்பில் மேக்ரமே என்கிறார்கள். சென்னையில் சித்தார்த் என்றொரு ஆடை வடிவமைப்பாளர். ஜூன் பதினைந்தாம் தேதி அழகிகள் அணிந்து நடக்கும் அவருடைய மேடைக்காக, நம் லோகநாயகியின் குழுவுக்கு ஆர்டர் கொடுத்தார். இந்தப் பன்னிரண்டு பேருக்கும் வந்த முதல் ஆர்டர். பிடித்துப்போனால் வருடம் முழுக்க வேலை உண்டு என்பது அவர் வாக்கு.

அந்த ஆடைத் தொகுப்புக்கு அவர் வைத்த பெயர் என்ன தெரியுமா? ‘கிழிந்த வலை.’ ஒவ்வொரு மேலாடையிலும் மூன்று இடத்தில் இழையைப் பின்னாமல் விட்டுவிட வேண்டும். தோளில் ஒன்று, விலாவில் ஒன்று, முதுகில் பெரிதாக ஒன்று. கடலின் சீற்றம் மேடையில் தெரிய வேண்டுமாம்! குளிரூட்டிய மேடையில், கடலின் சீற்றம்!

பெண்கள் முணுமுணுத்தார்கள். ஆனாலும் படத்தில் இருந்தபடி பின்னினார்கள். மே பதினேழு, திங்கட்கிழமை. பின்னி முடித்த இருபத்து நான்கையும் முற்றத்தில் விரித்துவிட்டு லோகநாயகி மீன் சந்தைக்குப் போனார். அவர் கணவர் அய்யனார் விசைப்படகுத் தொழிலாளி. மீன்பிடித் தடைக்காலம். நாற்பத்தைந்து நாள் கடலுக்குப் போகக் கூடாத மனிதர் வீட்டில் என்ன செய்வார்? முற்றத்தைப் பார்த்தார். மச்சான் பொன்னுரங்கத்தைக் கூப்பிட்டார்.

“என்னா மச்சான் இது, உன் தங்கச்சி பின்னுனது அத்தனையும் ஓட்டையா கெடக்குது?”

“முடிச்செல்லாம் நல்லாத்தான் மச்சான் போட்டிருக்கா. நடுவுல நடுவுல மறந்துட்டா போல. இது சென்னைக்குப் போனா நம்ம ஊரு மானம் என்னாவறது?”

“அதான். குந்து. அவ வர்றதுக்குள்ள அடைச்சிடுவோம். அவகிட்ட சொல்லாத, மனசு கஷ்டப்படுவா.”

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். மிச்சமிருந்த அதே நூல். வலை ஊசியை எடுத்தார்கள். மேலாடைக்கு மூன்று, இருபத்து நான்கு மேலாடைக்கு எழுபத்திரண்டு. ஒன்றைக்கூட விடவில்லை! மடித்து, மூட்டை கட்டி, வாயைத் தைத்தும் வைத்துவிட்டார்கள். மாலை இந்தப் பயிற்சி மையத்தின் வண்டி வந்தது, மூட்டை இங்கே வந்து அப்படியே சென்னைக்குப் போனது. மனைவிக்குத் தெரியாமல் உதவி செய்த கணவர் மார்க்கெட் வரைக்கும் நடந்துபோய் அவர் கூடையை வாங்கிக்கொண்டார். அன்று அவ்வளவு மகிழ்ச்சி.

இன்று காலை பார்சல் பிரித்த இடத்திலேயே சித்தார்த் தொலைபேசியில் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டதால் எல்லோரும் கேட்டோம்.

“அக்கா, எல்லா டேமேஜையும் சரி பண்ணி வெச்சிருக்கீங்க. டேமேஜ்தான் அக்கா டிசைனே! புது கத்திரி உள்ள வெச்சிருக்கேன். அடைச்ச எடத்த எல்லாம் வெட்டி அனுப்புங்க. இல்லன்னா ஆர்டர வேற எடத்துக்கு மாத்திடுவேன்.”

லோகநாயகி அடைத்த இடத்தைத் தடவினார்; வலை முடிச்சு. கணவரைப் பார்த்தார். கத்தரிக்கோலை உறையோடு நீட்டினார். “நீதான அடைச்ச? நீயே அறு.”

அய்யனார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். “அடைச்ச வலைய அறுக்கச் சொல்றியா? வேற என்ன வேணா சொல்லு, செய்யறேன்.”

அவிழ்க்கக் கூடாதா என்று கேட்கிறார் முன்வரிசை ஐயா. வலை முடிச்சு அவிழாது ஐயா. அவிழ்ந்தால் அது வலையே அல்ல.

பெரியோர்களே! ஐந்தரை ஆண்டுக்கு முன்னால், சுனாமி வடிந்த மறுவாரம், செய்தி எழுத அந்தக் கரைக்குப் போனவன் நான். சித்தார்த் அவர்களே, கிழிந்த வலை கேட்டீர்களே, கரை முழுக்கக் கிழிந்த வலை! தென்னையில் கிழிந்த வலை, கூரையில் கிழிந்த வலை, கோயில் வாசலில் கிழிந்த வலை. அதை யாராவது அழகு என்றார்களா? யாராவது கைதட்டினார்களா? அன்றைக்கு ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, யாருடைய வலை என்றுகூடக் கேட்காமல், கைக்குக் கிடைத்ததை எல்லாம் அடைத்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் இந்த அய்யனார். கிழிசலைக் கண்டால் கை சும்மா இராது. அது தவறென்றால், அந்தத் தவறால்தான் அந்த ஊர் மறுபடி கடலுக்குப் போனது!

லோகநாயகி தொலைபேசியை வாங்கிச் சொன்னதை எழுத்துக்கு எழுத்து குறித்திருக்கிறேன். “தம்பி, ஓட்ட வேணும்னா ஓட்டையோடவே புதுசா இருவத்தி நாலு பின்னித் தரோம். ஜூன் பத்துக்குள்ள உங்க கையில இருக்கும். அடைச்சதுல மட்டும் கத்திரி வெக்கமாட்டோம்.”

தலைவர் மணியைத் தொடுகிறார். முடிக்கிறேன்.

நிலுவையில் இருப்பது சித்தார்த்தின் பதில். வருகிற சனிக்கிழமை, மே இருபத்தொன்பது, மாலை ஐந்து மணிக்குள் சொல்வதாகக் கூறியிருக்கிறார். அன்றோடு தடைக்காலமும் முடிகிறது. அய்யனார் கடலுக்குப் போய்விடுவார்; முற்றத்துக்கு இனி ஆபத்தில்லை. சித்தார்த் அனுப்பிய கத்தரிக்கோல் இதோ, தலைவர் மேசை மேல், உறை பிரிக்காமல் இருக்கிறது. பதில் எதுவானாலும் அதைப் பிரிப்பதில்லை என்று பன்னிரண்டு பேரும் சொல்லிவிட்டார்கள். பதில் சனிக்கிழமைதான் தெரியும். கத்தரிக்கோலின் உறை பிரியாது என்பதை இன்றைக்கே உறுதியான செய்தியாக எழுதிக்கொள்ளலாம்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், கடைசியில் துண்டை எடுத்துவிட்ட அய்யனாருக்கும் நன்றி. வணக்கம்.