ரங்கூன் கடைச் சாவி

அன்று காலை மாட்டுங்கா சங்க அறையில் ஆறு பேர் இருந்தோம். பர்மா அகதிகள் உரிமைச் சங்கத்தின் தலைவனாகிய நான், பிரம்மநாயகம். செயலாளர் ஜெயினுலாப்தீன், மாந்தலேயில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். டெல்லியிலிருந்து வந்திருந்த அதிகாரி, தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். என் தம்பி நயினாரின் மனைவி பார்வதியம்மாள். ஒரு மராட்டிய சப்-இன்ஸ்பெக்டர். அவர் கூட்டி வந்த ஒரு மனிதர். காப்பி ஐந்து பேருக்குத்தான் வந்திருந்தது.

அது 1967ஆம் வருஷம், மே மாதம்.

நீங்கள் விசாரிக்க வந்தவர். ஆகவே முன்னால் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 1964இல் ரங்கூனில் பட்டாளத்து அரசாங்கம் கடைகளை எடுத்துக்கொண்டது. மொகல் தெருவிலிருந்த எங்கள் அரிசி மண்டியும் போயிற்று. பெண்டு பிள்ளைகளோடு நான் கப்பலேறினேன். கடையைப் பார்த்துக்கொண்டு பின்தங்கிய நயினாரைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். மறு வருஷம் கப்பலில் வந்த ஒருவர், அவன் உள்ளேயே இறந்துபோனதாகக் கேள்விப்பட்டேன் என்றார். காரியங்களை முறையாகச் செய்தோம். பார்வதி வெள்ளைச் சேலைக்கு மாறினாள்.

அந்தச் சமயத்தில்தான் சங்கம் தொடங்கினோம். எங்கள் ஜனங்கள் நானூறு குடும்பம் தாராவியில் தகரத்துக்கும் சாக்குக்கும் நடுவே கிடந்தது. டெல்லிக்கு எத்தனை மனுப் போட்டும் பதில் இல்லை. பிறகு நான் தம்பியைப் பற்றி ஒரு பிரசுரம் எழுதினேன். பட்டாளத்தார் கடைச் சாவியைக் கேட்டபோது அவன் கொடுக்கவில்லை, ஆற்றில் எறிந்தான், அதற்காகவே கொல்லப்பட்டான் என்று அதில் இருக்கும். சாவி விஷயம் யாரும் வந்து சொன்னதல்ல. என் தம்பி அப்படித்தான் செய்திருப்பான் என்பதில் எனக்கு ஐயம் இருக்கவில்லை.

பிரசுரம் வேலை செய்தது. பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் அதைச் சபையில் வாசித்தார். சங்கத்துக்கு அரசாங்க மானியம் வந்தது. இரண்டாம் பதிப்பை அவர்களே ஆங்கிலத்தில் அச்சிட்டு வெளிநாடுகளுக்கு அனுப்பினார்கள். ரங்கூனைப் பற்றி டெல்லி தன் வாயால் சொல்ல முடியாததை எங்களைக் கொண்டு சொல்லிற்று. அதிகாரிகள் வரும் நாட்களில் பார்வதியை ஓரத்து நாற்காலியில் உட்காரவைப்பது வழக்கமாயிற்று. அவள் பேச வேண்டியதில்லை. உட்கார்ந்திருந்தால் போதும்.

அன்று அதிகாரி கொண்டுவந்தது, மறுவாழ்வுக் குழுவில் எனக்கு இடம் கொடுக்கும் உத்தரவு. செம்பூரில் யார் யாருக்கு மனை என்று அந்தக் குழுதான் சிபாரிசு செய்யும்.

சங்கத்துக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. காகிதம் இல்லாமல் பிடிபடும் பர்மாக்காரர்களைப் போலீஸ் எங்களிடம் கொண்டுவரும். எந்தத் தெரு, பக்கத்துக் கடை யாருடையது, உம்முடைய கடை என்ன ஆயிற்று என்று மூன்று கேள்வி கேட்பேன். நம்மவர்தான் என்று நான் கையெழுத்துப் போட்டால் விட்டுவிடுவார்கள். இல்லாவிட்டால் அந்நியர் என்று காவலில் வைப்பார்கள்.

அந்த மனிதர் மணிப்பூர்க் காட்டுவழியாக எல்லை தாண்டி, ரயில் மாறி மாறி வந்து, கல்யாண் ஸ்டேஷனில் பிடிபட்டவர்.

"சேட், யே போல்தா ஹை, ஆப்கா பாய் ஹை," என்றார் சப்-இன்ஸ்பெக்டர். என் தம்பி என்று சொல்லிக்கொள்கிறாராம்.

அந்த மனிதர் சுவரில் மாலை போட்டிருந்த நயினாரின் படத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"மாட்டுனதுதான் மாட்டுனிய அண்ணாச்சி, மீசை வச்ச படம் ஒண்ணு கெடைக்கலியா? செத்தவன் களையே இல்லையே மூஞ்சில."

ஜெயினுலாப்தீன் சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டார். அவர் நயினாரை நேரில் கண்டதில்லை. பார்வதி தரையைப் பார்த்தபடி இருந்தாள்.

நான் வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். இதில் எவருக்கும் நான் சலுகை காட்டியதில்லை.

"எந்தத் தெரு?"

"மொகல் தெரு. என்ன அண்ணாச்சி, வெளையாடுதியளா?"

"பக்கத்துக் கடை யாருக்குள்ளது?"

"அபுதாஹிர் சாயபு குடைக்கடை. மழை பெஞ்சா ஒங்களுக்கு ஓசிக்குடை குடுப்பாருல்லா."

"உம்ம கடைச் சாவிய என்ன செஞ்சீரு?"

'நீர்' என்று நான் பேசியது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். சிரிப்பு போய்விட்டது. ஆனாலும் உள்ளதைச் சொன்னார்.

"பட்டாளத்துக்காரன் கேட்டான், குடுத்துட்டேன். மூணு மாசம் உள்ள வச்சிருந்தான். பொறவு நம்ம கடையிலயே தராசுல நிக்கதுக்கு வேலை குடுத்தான். வயிறுன்னு ஒண்ணு இருக்குல்லா, அண்ணாச்சி."

அதிகாரியின் கையில் பிரசுரம் இருந்தது. பக்கத்தைப் புரட்டினார். "ஆத்துல எறிஞ்சார்னுன்னா இதுல போட்டிருக்கு?" என்றார்.

"ஆமா. என் தம்பி எறிஞ்சவன். இவரு யாருன்னு எனக்குத் தெரியாது."

அதிகாரி பார்வதியின் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கோம்மா."

அவள் தலையைத் தூக்குவதற்குள் நான் சொன்னேன்: "எங்க வீட்டுப் பொம்பளைங்க அந்நிய ஆம்பளைய ஏறிட்டுப் பாக்கமாட்டாங்க."

அதிகாரி தலையாட்டினார். அவருக்கும் அதுவே வசதியாக இருந்தது. நம்மவர் அல்ல என்று நான் எழுதிய காகிதத்தில், சங்கத்தின் பெயரைக் கெடுக்க ரங்கூனிலிருந்து அனுப்பப்பட்டவராக இருக்கலாம் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார். சேர்த்துக் கையெழுத்திட்டேன்.

அந்த மனிதர் கூச்சல் போடவில்லை. வாசலில் நின்று, "சரி அண்ணாச்சி. ஒங்களுக்கு என்ன இடைஞ்சலோ," என்றார். பிறகு அவராகவே சப்-இன்ஸ்பெக்டருக்கு முன்னால் படியிறங்கினார்.

வீட்டுக்கு நடந்து போகையில் பார்வதி ஒன்றே ஒன்று சொன்னாள். "அத்தான், அவுக ரொம்ப மெலிஞ்சிட்டாக." யாரைச் சொல்கிறாய் என்று நான் கேட்கவில்லை.

ஆகஸ்டில் அவர் சிறையில் மஞ்சள் காமாலையில் இறந்தார். உரியவர்கள் யாராவது உண்டா என்று சங்கத்துக்குக் கடிதம் வந்தது. இல்லை என்று எழுதினேன். வீட்டில் புதிதாகச் செய்ய வேண்டியது எதுவும் இருக்கவில்லை. பார்வதி ஏற்கெனவே வெள்ளையில்தான் இருந்தாள்.

ஏன் என்று கேட்கிறீர்கள். நானூறு குடும்பத்துக்காகப் பேச அந்தக் குழுவில் ஒரு ஆள் வேண்டியிருந்தது. பிரசுரம் பொய் என்றால் அந்த ஆளும் இல்லை. இது ஒன்று. இன்னொன்று, தன் சொத்தைப் பிடுங்கியவனிடமே கைகட்டிச் சம்பளம் வாங்கியவன் எங்கள் குடும்பத்தில் கிடையாது. அப்படி வாங்கியவனை எங்கள் குடும்பத்தான் என்று நான் எப்படிக் கையெழுத்துப் போட முடியும்?

மனைகள் வந்தனவா என்றால், வரவில்லை. மறு வருஷம் டெல்லிக்கு ரங்கூனோடு நல்லுறவு வேண்டியிருந்தது. பிரசுரத்தைத் திரும்பப் பெறச் சொன்னார்கள். குழுவைக் கலைத்தார்கள். மானியமும் நின்றது. தாராவியில் அதே தகரம், அதே சாக்கு. மழைக்காலத்துக்கு மழைக்காலம் சாவுகள்.

மாட்டுங்காவில் இப்போது ஒரு பேச்சு அடிபடுகிறது. எனக்குக் கண்ணில் புரை விழுந்திருந்தது, வந்தவர் தாடியும் மெலிவுமாக இருந்ததால் அடையாளம் தெரியவில்லை, வயதான மனிதர், தவறு நேர்ந்துவிட்டது என்கிறார்கள். ஜெயினுலாப்தீன் என் மேலுள்ள மரியாதையால் கிளப்பிவிட்டது. உங்களிடமும் சொல்லியிருப்பார்.

அது தவறு. என் கண்ணில் எந்தக் கோளாறும் இல்லை. கதவு திறக்கும் முன்பே, படியேறி வந்த காலடியிலேயே என் தம்பி நயினார்தான் என்று எனக்குத் தெரியும்.