ஒரு தீக்குச்சிக்கு நாற்பது பக்கம்

— அந்தக் கதப் புஸ்தகத்த எடுத்துப் பையில வை. நாளைக்கு உங்க டீச்சர்கிட்டத் திருப்பிக் குடுத்துடு.

— இன்னும் முடிக்கல பெரியப்பா.

— முடிக்கவும் மாட்ட. நானும் பாத்துக்கிட்டுதான இருக்கேன். அடையாளத்துக்கு வெச்ச செவப்பு நூல் போட்ட எடத்துலயே கெடக்கு. ஒரு பக்கம் நகரல. ஓடாததப் போயி எதுக்குக் கட்டி இழுக்குற.

— என் புஸ்தகத்த நீங்க எதுக்குத் தெறந்து பாக்குறீங்க?

— யாரு தெறந்தா… நூல் வெளிய தொங்குது. நான் மெத்த தைக்கிற நூல். எங்கிட்ட இருந்துதான எடுத்த. இந்தத் துணிய அந்தப் பக்கம் இழுத்துப் பிடி. சுருக்கம் விழுது பாரு.

— பிடிச்சிருக்கேன்… பரீட்ச நேரத்துல கத படிக்கிறேன்னு கோவமா?

— பரீட்சையப் பத்தி நான் பேசவே இல்ல. அதுல வீடு எரியுதுன்னு நீதான சொன்ன. அந்தப் பொண்ணோட தம்பி செத்துர்றான்னும் சொன்ன. நம்ம வீட்டுல ஒரு சாவு பத்தாதா? வேல மெனக்கெட்டு அடுத்த வீட்டுச் சாவையும் தூக்கிட்டு வந்து மடியில வெச்சுக்கணுமா?

— டீச்சர் எனக்குன்னு தேடி எடுத்துக் குடுத்தாங்க.

— அந்த அம்மாவுக்கு வேற வேல இல்ல. வயித்துவலின்னு வந்தவங்கிட்ட இன்னொருத்தன் வயித்துவலியப் பத்திச் சொன்னா சரியாப் போயிருமா?

— சில நேரம் கொஞ்சம் கொறையும் பெரியப்பா. நமக்கு மட்டும் இல்லன்னு தோணும்ல.

— தோணி? அவன் வலி அவனுக்கு. நம்ம வலி நமக்கு… என்னம்மா, தலையணையா? சாயங்காலம் வா. உற மாட்ட வேண்டியதுதான் பாக்கி… ஆமா, நேத்தும் சாயங்காலம்னுதான் சொன்னேன். அது நேத்தைய சாயங்காலம். இதுவா? தம்பி பொண்ணு… ஆமா. அந்த பஸ்ஸுல போனானே, அவன் பொண்ணுதான். கூட இருந்தது இதுதான்… ம். இப்பப் பரவாயில்ல. நீ சாயங்காலம் வா.

— பாவம் அந்த அக்கா. எத்தன நாள்தான் அலைவாங்க.

— தலையணை இல்லாம யாரும் செத்ததில்ல. நீ திங்கக்கிழமைய யோசி. பரீட்ச சென்டர் எங்க போட்டிருக்கான் பாரு, கண்காணாத எடத்துல. உங்கம்மா ஆஸ்பத்திரியில டூட்டிய மாத்திக் குடுக்கலன்னு கைய விரிச்சுட்டா.

— அதான் சொன்னேனே. பஸ்ஸுல போயிக்கலாம்.

— வாயால போயிடலாம். ஹாரன் சத்தம் கேட்டாலே என் கையப் பிடிச்சுக்கிட்டு செவுத்தோரம் ஒட்டுற ஆளு நீ.

— அது முன்னாடி.

— எந்த முன்னாடி? தெனம் காலையில உன்ன நடத்திக் கூட்டிட்டுப் போறவன் நான். எனக்குத் தெரியாதா. சாயங்காலமும் கூட்டாளிங்களோட நடந்துதான வர்ற. அதெல்லாம் யோசிச்சு வெச்சிருக்கேன். திங்கக்கிழம விடியறதுக்கு முன்னாடியே கெளம்புறோம். நடுவுல எங்கயாவது உக்காந்து ஒரு டீ. மணியடிக்கிறப்ப பரீட்ச வாசல்ல நிக்கிறோம்.

— அவ்வளவு தூரம் நடந்து போனா பேப்பர் மேலயே படுத்துத் தூங்கிருவேன் பெரியப்பா.

— அப்ப எழுதாத. அடுத்த வருஷம் எழுது.

— அடுத்த வருஷமா? எல்லாரும் பதினொண்ணாவது போவாங்க. நான் மட்டும் அதே கிளாஸ்ல, அதே பெஞ்சுலயா?

— உசுரோட பெஞ்சுல உக்காந்திருக்கல்ல. அது போதும் எனக்கு.

— எனக்குப் போதாது.

— …துணிய இழு.

— இழுத்துதான் பிடிச்சிருக்கேன். உங்க தையல்தான் கோணலாப் போகுது.

— போகும். பேச்சுக் குடுத்துக்கிட்டே இருந்தா எதுதான் நேராப் போகும்? எல்லாம் அந்தப் புஸ்தகம் பண்ற வேல. பயந்த பிள்ளய பயந்தபடி விட மாட்டேங்குது. அந்தப் பொண்ணுக்கு அடுப்படிப் பக்கம் போகப் பயம். சரி, போகாத, விடு. எழுதின ஆளு விடுறானா? இன்னிக்குத் தீப்பெட்டியத் தொடுங்கிறான். நாளைக்கு அதக் கையில வெச்சுக்கிட்டு சும்மா உக்காருங்கிறான். அப்புறம் குச்சிய வெளிய எடு, ஆனா ஒரசாதங்கிறான். ஒரு தீக்குச்சியக் கொளுத்த நாப்பது பக்கம். நானா இருந்தா ஒரே வரியில கொளுத்திட்டு அடுத்த வேலையப் பாத்திருப்பேன். என்ன முழிக்கிற?

— தீப்பெட்டி எங்க வருது பெரியப்பா?

— கதையிலதான்.

— கதையில எங்க? நூல் இருக்குற பக்கத்துல வீடே இன்னும் எரிஞ்சு முடியல. தீப்பெட்டி அதுக்கு ரொம்ப அப்புறம்.

— அட்டையில போட்டிருந்தான்.

— அட்டையில ஒரு பொண்ணு, ஒரு மரம். அவ்வளவுதான்.

— அப்ப உங்கம்மா சொல்லியிருப்பா.

— அம்மா மருந்துச் சீட்டத் தவிர வேற எதையும் படிக்காது.

— …இந்த ஊசிய எங்க வெச்சேன்.

— உங்க கையில இருக்கு.

— இரு இரு. தீப்பெட்டி ரொம்ப அப்புறம் வருதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?

— எனக்கா…

— நீதான் நூலத் தாண்டி ஒரு பக்கம் போகலயே. இன்னும் முடிக்கலன்னு இப்பதான சொன்ன.

— …முடிச்சிட்டேன். ரெண்டு தடவ.

— ரெண்டு தடவயா? அப்ப அந்த நூல்?

— மொதல்ல நெஜமாவே அங்கதான் நின்னுச்சு. அதுக்கு மேல என்னால முடியல. அப்புறம் ஒரு நாள் அர பக்கம், இன்னொரு நாள் ஒரு பக்கம்னு போச்சு. படிச்சிட்டு நூலத் திரும்ப அங்கயே வெச்சிருவேன். நான் மேல படிக்கிறேன்னு தெரிஞ்சா நீங்க ஸ்கூலுக்கு வந்து டீச்சரோட சண்ட போடுவீங்க.

— போட்டிருப்பேன்.

— நீங்க எப்பப் படிச்சீங்க?

— நீ ஸ்கூல் போனப்புறம். எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான். உள்ள என்ன விஷம் வெச்சிருக்கான்னு மொதல்ல நான் தின்னு பாக்க வேணாமா? நீ கண்டுபிடிச்சிடக் கூடாதுன்னு நூல எடுத்த எடத்துலயே வெச்சிடுவேன்.

— ஐயோ பெரியப்பா… பக்கத்துக்குப் பக்கம் பஞ்சு ஒட்டியிருந்துச்சு. நான் காத்துல பறந்து வந்து ஒட்டுதுன்னு நெனச்சேன்.

— எனக்கும்தான் அங்கங்க தாள் நனைஞ்சு காஞ்ச மாதிரி மொறமொறன்னு இருந்துச்சு. செம்புத் தண்ணியக் கவுத்துட்டேன் போலன்னு நெனச்சேன்.

— தண்ணி இல்ல அது.

— இப்பப் புரியுது… எனக்குத் தெரியாம எங்க உக்காந்து அழுத?

— மாடியில. துணி காயப் போடுற எடத்துல. நீங்க முடிச்சீங்களா இல்லயா, அதச் சொல்லுங்க.

— இல்ல. அந்தப் பொண்ணோட சித்திக்காரி வந்து கொஞ்சப் பக்கத்துலயே மூடி வெச்சுட்டேன்.

— ஏன்? அவங்க நல்லவங்களாச்சே.

— எனக்கு அந்தப் பொம்பளயக் கண்டாலே ஆகல. வீடு எரியுறப்ப அவ ஊர்லயே இல்ல. ஒரு முடி கருகல. ஆனா என்ன ஆட்டம் ஆடுறா. அடுப்பு மூட்ட மாட்டா. வேகாததத் தின்னுட்டு, பச்சத் தண்ணியில குளிச்சுட்டு, யாராவது கேட்டா வைத்தியர் சொன்னாருங்கிறா. நெருப்புக்குள்ள நின்னது அந்தப் பிள்ள. அது பயப்படட்டும், ஞாயம் இருக்கு. இவளுக்கு என்ன பயம்?

— அவங்க அன்னிக்குப் பூரா ஃபோன் பக்கத்துலயே உக்காந்திருந்தாங்கல்ல. ஒருத்தரும் எடுக்கலன்னு திரும்பத் திரும்ப அடிச்சுக்கிட்டு.

— ஃபோன் பக்கத்துல உக்காந்தவங்களுக்கு எல்லாம் பயம் வருமா? எழுதின ஆளு என்ன வேணா எழுதுவான். பேனா பிடிச்ச கையில தீப்புண்ணா வரப்போகுது? …கடைசியில அவ அடுப்பப் பத்த வெக்கிறாளா இல்லயா?

— சொல்ல மாட்டேன். படிச்சுத் தெரிஞ்சுக்குங்க.

— சொல்லேன். எனக்கு எழுத்துக் கூட்டியே தாடி நரைச்சிடும்.

— ஏற்கெனவே நரைச்சதுதான. பெரியப்பா… அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க?

— எந்த அன்னிக்கு?

— தெரியாத மாதிரி கேக்காதீங்க. அப்பாவும் நானும் வந்த அன்னிக்கு.

— …பஸ் ஸ்டாண்டுல.

— எதுக்கு?

— மழ. உங்கப்பன் கொட எடுக்காமப் போயிட்டான். சின்ன வயசுலருந்தே அப்படித்தான், மழையில நனைஞ்சா தும்மித் தும்மியே ஒரு வாரத்த ஓட்டுவான். கொண்டு போயி நின்னேன்.

— ரொம்ப நேரம் நின்னீங்களா?

— யாரு பாத்தா. ஒவ்வொரு பஸ்ஸா வந்துச்சு. ஒவ்வொருத்தரா எறங்குனாங்க. ஒருத்தன் உங்கப்பன் மாதிரியே கட்டம் போட்ட சட்டையில எறங்குனான். நான் கொடையத் தூக்கி ஆட்டிட்டேன். அவன் யாரோன்னு பாத்துட்டு, பாவம், அவனும் கைய ஆட்டிட்டுப் போனான். எல்லா பஸ்ஸும் வந்துச்சு. அது ஒண்ணுதான் வரல.

— நீங்க இத யார்கிட்டயும் சொன்னதில்ல.

— என்னத்தச் சொல்ல? கவுந்த வண்டிக்குள்ள கெடந்தது நீ. கை ஒடஞ்சது உனக்கு. பக்கத்துல உங்கப்பனப் பாத்தது நீ. நான் கொடையோட நின்னவன். உடம்பு கூட நனையல. அதப் போயி ஒரு கதையா சொல்ல முடியுமா?

— …அதுக்கப்புறம் நீங்க பஸ்ஸே ஏறலல்ல.

— எனக்கு எதுக்கு பஸ்? கடைக்குப் பின்னாடி வீடு.

— பஞ்சு எடுக்க மில்லுக்கு மாசா மாசம் போவீங்க. இப்ப அவங்களே கொண்டு வந்து போடுறாங்க. ஈரப் பஞ்சு, கழிவுப் பஞ்சுன்னு திட்டிக்கிட்டே வாங்குறீங்க. நேர்ல போயி பாத்து எடுக்கிறதில்ல.

— முட்டி வலி.

— முட்டி வலிக்கிறவர்தான் தெனம் என்ன ஸ்கூல் வரைக்கும் நடத்திக் கூட்டிட்டுப் போறீங்களா?

— அது உனக்காக.

— எனக்காக நடந்தா வலிக்காதா?

— உன் வாய்க்கு ஒரு உற தைக்கணும். பட்டன் வெச்சு.

— தச்சுக்குங்க. ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. திங்கக்கிழம நான் டீச்சரோட போறேன். அவங்க பஸ்ஸுல கூட்டிட்டுப் போறேன்னாங்க. நீங்க வர வேணாம்.

— ஏன், நான் செத்தா போயிட்டேன்? நான் கொண்டு போயி விடுறேன்னு உங்கம்மாவுக்கு வாக்கு குடுத்திருக்கேன்.

— பஸ்ஸுல வரணுமே.

— …வருவேன்.

— எப்படி வருவீங்க?

— சிரிக்கக் கூடாது.

— சிரிக்கல. சொல்லுங்க.

— அந்தத் தீப்பெட்டி வேலயக் கிண்டல் பண்ணேன்ல. பைத்தியக்காரத்தனம்தான், இப்பவும் சொல்றேன். இருந்தாலும்… செஞ்சு பாத்தா என்ன குடி முழுகிடும்னு ஒரு நாள் தோணுச்சு. சாயங்காலம் நீ வர்ற நேரத்துல நூல் வாங்கப் போறேன்னு கடையப் பூட்டிட்டுப் போறேன்ல.

— நூல் வாங்கிட்டுதான வர்றீங்க.

— வாங்காம வர முடியுமா? சொல்லிட்டுப் போயி வெறுங்கையோட வந்தா நீ சும்மா விடுவியா? அலமாரியத் தெறந்து பாரு. ஊருக்கே மெத்த தைக்கலாம். நூல் வாங்கிட்டு முக்கு ஸ்டாப்புல போயி நிப்பேன். மொதல்ல பஸ் வந்தா அந்தப் பக்கம் திரும்பிக்குவேன். அப்புறம் திரும்பாம நின்னேன். அப்புறம் ஒரு நாள் கிட்டப் போயி அதோட தகரத்தத் தொட்டேன். மாட்டு முதுகு மாதிரி சூடா இருந்துச்சு. அதுர வேற செஞ்சுச்சு. நேத்துதான் படியில ஒரு கால் வெச்சேன்.

— வெச்சீங்களா.

— வெச்சேன். கம்பியையும் பிடிச்சேன். இன்னொரு கால்தான் வரல. தரையோட சேத்துத் தச்ச மாதிரி நிக்குது. அந்தக் கண்டக்டர் பய, ஏறுறியா பெருசு, இல்ல செருப்புக்கு அளவு பாக்குறியாங்கிறான். உள்ள நாலு பேரு சிரிச்சாங்க. எறங்கிட்டேன்.

— அவனுக்கு என்ன தெரியும்.

— அவன் மேல தப்பில்ல. அவன் பொழப்ப அவன் பாக்குறான். விடு. திங்கக்கிழமைக்குள்ள அந்த இன்னொரு காலையும் வெச்சுடுவேன். நான் முன்னால ஏறுறேன். நீ என் சட்டையப் பிடிச்சுக்கிட்டுப் பின்னாலயே ஏறு. கண்ண மூடிக்கணும்னா மூடிக்க. நான் பாத்துக்குறேன்.

— பெரியப்பா…

— இத உங்கம்மாகிட்டச் சொல்லாத. மெத்தக்கார ஆளு பஸ் படியில நொண்டியடிச்சாருன்னு ஆஸ்பத்திரி பூரா சொல்லிடுவா. நல்லவேள, நேத்து அந்த பஸ்ஸுல தெரிஞ்ச முகம் ஒண்ணு கூட இல்ல.

— நான் இருந்தேன் பெரியப்பா. நீங்க பாத்துடக் கூடாதேன்னு தலையக் குனிஞ்சு உக்காந்திருந்தேன். சாயங்காலம் பஸ்ஸுலதான் வர்றேன், ஒரு மாசமா… காலையில மட்டும் உங்களத் தனியா விட மனசு வரல, அதான் கூட நடக்குறேன்.