டவர் இல்லாத ஊருக்கு மைக் செட்

ஜமுனாமரத்தூர் பேருந்து மலையேறத் தொடங்கியதும் முன் சீட்டில் ஒரு பெண்ணின் குரல் உயர்ந்தது. அவரும் கணவரும் விசேஷங்களுக்கு மைக் செட் போடுபவர்கள். குழாய் ஸ்பீக்கர்கள் காலடியில் கிடந்தன. என் மடியில் தூங்கும் குழந்தை விழித்துவிடுமோ என்று நான் அசையாமல் இருந்தேன்.

“இன்னாய்யா சொல்ற, ஃபோன்ல ஒரு பாட்டுகூட இல்லியா?”

“எடத்த அடைக்குதுன்னு அழிச்சிட்டேன். இப்பல்லாம் நெட்லயே பாடும். எல்லாரும் அப்டித்தான் கேக்கறாங்க.”

“அவங்க வேலூர்ல குந்திகினு கேக்கறாங்க. நாம போற ஊர்ல டவரே இல்ல. போன வாட்டி ஒரு ஃபோன் பேச பாறை மேல ஏறினியே, மறந்துட்டியா?”

“கொஞ்சமாவது கெடைக்கும்.”

“புள்ளையார் பாட்டு போடாம காதுகுத்துற கொழந்தைய மனையில குந்தவைக்க மாட்டாங்க. அப்புறம் அந்தப் பக்கம் எவன் நம்மள கூப்புடுவான்?”

கணவர் ஃபோனை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே இழுத்துக்கொண்டார்.

“மைக்காவது எட்த்துகினு வந்தியா, அதையும் நெட்ல வச்சிட்டியா?”

“மைக் இருக்குது.”

“அப்ப நீயே பாடு.”

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மெல்லக் கேட்டார்:

“மொத வரி இன்னா?”