எண்ணெயின் ஞாபகம்

தேத்தண்ணிக்கு நன்றி, இன்ஸ்பெக்டர். சீனி கொஞ்சம் கூடிப்போய்விட்டது, பரவாயில்லை.

என் பெயர் யோகலிங்கம். முன்னால் கலாநிதி என்று எழுதிக்கொள்ளுங்கள். குவாண்டம் இயற்பியலில் என் பெயரில் ஓர் எடுகோள் உண்டு. அந்தப் பெயரை வைத்தவனும் நானே. மற்றவர்களை நம்பியிருந்தால் காலம்தான் போகும்.

விஷயம் எளியது. ஒரு நுண்துகள் தனியாக இருப்பதில்லை. சுற்றியிருக்கும் கோடானுகோடித் துகள்கள் அதைச் சீண்டிக்கொண்டே இருக்கும். அத்தனையையும் கணக்கில் எடுக்க முடியாது. ஆகவே, சூழல் தன்னைத் தொட்டதை உடனே மறந்துவிடும் என்று எடுத்துக்கொள்வேன். கணக்குச் சுருங்கிவிடும். எந்தச் சூழலும் மறக்கும் என்பதுதான் யோகலிங்கம் எடுகோள். அதற்காகத்தான் ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பாராட்டு விழா; பொன்னாடை, நாதஸ்வரம் எல்லாம் ஏற்பாடாகியிருந்தன.

ஜெயரூபி என் ஆய்வு மாணவி; திரியாய் ஊர்ப் பிள்ளை. கடற்கரையில் பிறந்தும் இறால் ஒத்துக்கொள்ளாது, தொண்டை அடைத்துவிடும். ஊசிமருந்து எப்போதும் கைப்பையில் இருக்கும். வெள்ளிக்கிழமை உப்புவெளியில் என் வீட்டுக்கு வந்தாள்.

“சேர், உங்கட எடுகோள் எல்லா இடத்துக்கும் சரிவராது. சூழல் மறக்கிறேல்ல. வாங்கினதைப் பிறகு திருப்பிக் குடுக்குது.”

“எப்பிடிப் பிள்ளை?”

“இறால் வடை பொரிச்ச எண்ணெய் மாதிரி. இறாலை எடுத்தாச்சு. ஆனா அதுக்குள்ள மரக்கறி ரோல்ஸ் பொரிச்சா எனக்குத் தின்னேலாது. எண்ணெய்க்கு ஞாபகம் இருக்கு, சேர்.” சிரித்தாள். “மேடையில நீங்களே சொல்லிப்போடுங்கோ. அதுதான் உங்களுக்கு மரியாதை.”

மரியாதை என்ற சொல்லை நான் நம்பவில்லை. யாரோ சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள் என்று பட்டது. துறைத்தலைவர் அருளம்பலம் அன்று காலை என்னைப் பார்த்துச் சிரித்திருந்தார். வழக்கமாகச் சிரிப்பவரல்ல.

மறுநாள் அவளைத் தேநீருக்கு அழைத்தேன். அவள் வந்தால், எங்கள் வீட்டில் சமைக்கும் வள்ளியம்மா தாச்சியைக் கழுவிப் புது எண்ணெய் ஊற்றுவது வழக்கம். அன்று இறால் வடை பொரித்து முடிந்ததும் அவரை விழாவுக்குப் பூமாலை சொல்லிவர அனுப்பினேன்.

“ஐயாவுக்குக் குசினிக்குள்ள என்ன வேலை?” என்று ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

ரோல்ஸை நானே பொரித்தேன். அதே தாச்சி, அதே எண்ணெய். நல்ல பொன்னிறமாக வந்தது.

“வள்ளியம்மாக்கா பொரிச்சதோ, சேர்?”

“ஓம். புது எண்ணெய்.”

அவளை நான் தொடவில்லை, இன்ஸ்பெக்டர். சூழலில் மட்டும்தான் கைவைத்தேன். முதலில் இருமினாள். பிறகு கதிரையைச் சுற்றிக் கையால் துழாவினாள். துறைமுகத்துக்குப் போகும் கப்பலொன்று என் யன்னலைக் கடப்பதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது.

விழாவில் அவளுக்கு மௌன அஞ்சலி செலுத்தினோம். பொன்னாடை தோளிலிருந்து நழுவாமல் நின்றேன்.

நீங்கள் இதைக் கொலை என்கிறீர்கள். என் எடுகோளின்படி அந்த எண்ணெய் இறாலை எப்போதோ மறந்திருக்க வேண்டும். அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. அவள் கை கழுவப் போன நேரம் அந்தக் கைப்பையை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியது, வெறும் முன்னெச்சரிக்கை.